முட்டையின் மேல் விழுந்த பழி

நீலாய்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புக்குரிய பெட்ரிசியா அக்காவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். நீ என் போனை எடுப்பதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. அதனால் இதை யூஜின் அத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதற்கு முன் ஒரு முறை படித்துவிடு.

நேற்று அத்தான் லுக்குட்டில் மோட்டாருக்கு டயர் மாற்றக் காத்திருந்தபோது என்னை அழைத்தார். "ஆஸ்பத்திரியில கேரலுக்கு இளைப்புக்கு இழுக்கக் குடுத்த பழுப்பு பஃப்ப உங்கக்கா அலமாரியில போட்டுப் பூட்டிட்டா. கேட்டா, எலிக்காரி பேச்சும் வேணாம், டாக்டர் பேச்சும் வேணாங்கிறா. நான் சொன்னா எடுபடாது லா" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிள்ளைக்கு மறுபடி இருமல் ஆரம்பித்திருக்கிறதாம்.

ஈஸ்டருக்கு வந்தபோது நீதான் என் எலி ஆராய்ச்சி வேலையைப் பற்றிக் கேட்டாய். நம் வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் அளந்துவிட்டேன். முட்டையின் வெள்ளைக்கருவை மூச்சில் இழுத்தால் எலிகளுக்கு இளைப்பு வருகிறது என்றேன். நுரையீரல் ஒரு ரசாயனத்தை விட்டு அழைக்க, ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து மூச்சுக்குழாயை வீங்க வைக்கின்றன, அந்த அழைப்பை அடைப்பதுதான் என் வேலை என்றேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். எலிகளுக்கு முட்டை தானாகப் பகையாவதில்லை. முதலில் ஊசி போட்டு, அதைப் பகையாக நினைக்க நாங்கள்தான் அவற்றின் உடம்பைப் பழக்குகிறோம். கேரல் ஏழு வருடமாக முட்டை தின்கிறாள். ஒரு நாளும் அது அவளை எதுவும் செய்ததில்லை.

அவள் பிறந்தநாளன்று நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்திலிருந்து முட்டையை மட்டும் எடுத்து நீ அத்தான் தட்டில் வைத்தாய். "இனிமே முட்டையெல்லாம் எனக்குத்தான்" என்று அவர் கிண்டல் செய்தார். எனக்கு உடனே புரிந்தது. விளக்கினால் உனக்குச் சங்கடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் பேச்சை ஒருத்தி இவ்வளவு நம்புகிறாளே என்று உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. முட்டைதான் இளைப்புக்குக் காரணம் என்று அதை நிறுத்தியவள் பஃப்பையும் நிறுத்தியிருப்பாளோ என்று நான் கேட்கவில்லை.

பிறகு, நீ பஃப்பையும் நிறுத்தி, கேரல் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸ் முன்னால், "படிச்சிருந்தா இப்படிச் செய்வியாக்கா?" என்றேன். நீ மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டது யாருடைய பள்ளிக்கூடத்துக்காக என்று தெரிந்தே சொன்னேன். நீ கேரலின் ஆக்சிஜன் முகமூடியைச் சரிசெய்தாய். அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

என் ஆராய்ச்சியும் நீ நினைத்த இடத்தில் இல்லை. ஒரு அழைப்பை அடைத்தோம். சில நாள் அணுக்கள் குறைந்தன. பிறகு வேறொரு ரசாயனம் அழைத்தது, அவை அந்த வழியாக வந்தன. எலிகளின் நுரையீரல் மறுபடி வீங்கியிருந்தது. இது மருந்தாக வரப் பல வருடங்கள் ஆகலாம், வராமலே போகலாம். கேரல் அதுவரை காத்திருக்க முடியாது.

இளைப்பு வரும்போது கொடுக்கும் நீல பஃப் அந்த நேரத்து மூச்சைத் திறக்கும், அவ்வளவுதான். வீக்கத்தை அடக்குவது பழுப்பு. இருமல் இல்லாத நாளிலும் காலை இரண்டு, மாலை இரண்டு. கொடுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல். என் பேச்சு வேண்டாம் என்றால் கிளினிக்கில் கேள், அவர்களும் இதையே சொல்வார்கள். ஆனால் நாளைக்கே கேள் அக்கா, இன்னொரு வாரம் தள்ளாதே.

கோபம் என் மேல் இருக்கட்டும், மருந்தின் மேல் வேண்டாம். நீ கூப்பிடும்வரை நான் லிங்கியில் உன் வீட்டுப் பக்கம் வரமாட்டேன். பள்ளிக்கு அனுப்பும்போது கேரலின் நெற்றியில் சிலுவை வரைவாய் அல்லவா? எனக்காகவும் ஒன்று வரை. யாருடையது என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

உன் தங்கை,
பெவர்லி