வாப்பாவின் இடது முழங்காலுக்கு எடுத்த இரண்டு படங்கள்

என் அன்பு வாப்பா,

உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும். அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கி வைத்திருக்கிறான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீங்கள் மண்ணுக்குள் போய் இரண்டு வருடமாகிறது. உம்மாவுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. தம்பி நுரைச்சோலைக்கு வேலைக்குப் போய்வருகிறான். பாலாவிச் சந்தியில் லொறிகள் இன்னும் நீங்கள் ஏசிய மாதிரியேதான் குறுக்கே நிற்கின்றன.

எழுத வந்தது இவை எதுவுமல்ல. உங்கள் இடது முழங்காலைப் பற்றி எழுத வந்தேன். நீங்கள் நடக்கப் பஞ்சிப்பட்டீர்கள், சோம்பலில் ஒப்பரேஷன் செய்தும் காலைப் பழக்கவில்லை என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை பிழை. அதைத் திருத்தவேண்டிய ஆள் நான்தான். அதனால் இதை ஊரும் வாசிக்கட்டும்.

லொறியில் கிளட்ச் மிதித்தே தேய்ந்த கால் அது. முழங்காலை மாற்றவேண்டும் என்று டொக்டர் சொன்னபோது நீங்கள் பயப்படவில்லை. கீழெலும்பின் தலையைச் சமமாக வெட்டி, ஒரு உலோகத் தட்டை வைத்து, சீமெந்து போட்டு இறுக்குவார்கள் என்று நான் விளங்கப்படுத்தினேன். "காலமெல்லாம் சீமெந்து ஏத்தினன். இப்ப எனக்குள்ளயே ஏத்தப் போறானுகளா?" என்று சிரித்தீர்கள். மூடை எத்தனை என்று டொக்டரிடமே கேட்டீர்கள். அவருக்குத் தமிழ் அரைகுறை. மூடை என்றால் என்னவென்று நான் சிங்களத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இனி வருவது கொஞ்சம் எக்ஸ்ரே எடுக்கும் என் தொழில் கதை. பொறுத்துக்கொள்ளுங்கள். எலும்பு சும்மா கிடக்கும் சாமான் அல்ல. பாரம் விழும் இடத்தில் தடிக்கும், விழாத இடத்தில் மெலியும். புதிய தட்டு வந்ததும் பாரம் விழும் விதம் மாறுகிறது, எலும்பும் மாறத் தொடங்குகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. காலம் விட்டுக் காலம் எக்ஸ்ரே எடுத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். தட்டுக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்து, அது அகன்றுகொண்டே போனால் தட்டு இளகுகிறது என்று அர்த்தம்.

அந்தக் கோடு இலேசில் அகப்படாது. கதிர் தட்டின் ஓரத்தோடு நேராகப் போகவேண்டும். ஆள் காலை நீட்டி, முழங்கால் சில்லு முன்னுக்குப் பார்க்க, முழுப் பாரத்தையும் போட்டு நிற்கவேண்டும். முழங்கால் கொஞ்சம் மடிந்திருந்தாலும் படத்தில் தட்டு சரிந்து விழும். சரிந்த தட்டு தன் நிழலால் கோட்டை மறைத்துவிடும். இதைப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒப்பரேஷன் முடிந்து ஒரு வருடத்தில் உங்களுக்குப் படம் எடுக்கவேண்டி வந்தது. மகள் வேலை செய்யும் நாளில் வந்தால் வரிசையில் நிற்கத் தேவையில்லை என்று உம்மா சொன்னார். அன்று என்னோடு வேலை செய்கிற ஆண்பிள்ளை லீவில் இருந்தார். அறைக்குள் நீங்களும் நானும் மட்டும்.

"சாரனக் கொஞ்சம் மேல எடுங்க வாப்பா" என்றேன்.

நீங்கள் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் எடுத்தீர்கள். அவ்வளவுதான். தொப்புள் தொடங்கி முழங்கால் வரைக்கும் ஆண் மறைக்கவேண்டிய இடம் என்று எங்களுக்கு ஓதித்தந்ததே நீங்கள். பெற்ற மகளுக்கு முன்னால் அதைத் திறப்பது எப்படி? சாரனை இரண்டு கையாலும் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வைத்தியத்துக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சாரனுக்கு மேலாகவே சில்லு எங்கே இருக்கிறது என்று குத்துமதிப்பாகப் பார்த்து எடுத்தேன்.

படம் கணினியில் வந்தது. துணி எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் அது எல்லாப் படத்தையும் போலத்தான் இருந்தது. ஆனால் தட்டு கோடாக விழாமல் முட்டை வடிவில் விழுந்திருந்தது. நீங்கள் சாரனைப் பிடிக்கக் குனிந்ததில் முழங்கால் மடிந்திருந்தது. வேறு யாருடைய படமாக இருந்தாலும் திரும்ப எடுத்திருப்பேன். உங்களிடம் போய் இன்னொரு முறை சாரனைத் தூக்கச் சொல்ல என்னால் முடியவில்லை.

"நல்லா இருக்கு வாப்பா" என்றேன். நீங்கள் "அல்ஹம்துலில்லாஹ்" என்றீர்கள். வெளியே நோயாளிகள் நிறைந்திருந்த கிளினிக்கில் டொக்டர் அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நல்லாய் நடக்கச் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கஷ்டகாலம். கதிரையை விட்டு எழும்பி வைக்கும் முதல் நாலு எட்டு குத்துகிறது என்றீர்கள். இளகிய தட்டு அப்படித்தான் நோகும், அதுவும் எனக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் என் படத்தை நானே நம்பிவிட்டேன். உம்மா ஏசினார். "புள்ளயே படம் எடுத்து நல்லம்னு சொல்லிட்டா. இன்னும் என்ன நொண்டுறீங்க? வேல செய்ய ஏலாட்டி ஏலான்னு சொல்லுங்க." பள்ளியில் கதிரையில் இருந்து தொழுவதைப் பார்த்து ஆட்களும் பகிடி பண்ணினார்கள். பிறகு நீங்கள் பள்ளிக்குப் போவதைக் குறைத்தீர்கள். நொண்டுவதையும் எங்கள் முன்னால் குறைத்தீர்கள். கால் தேறிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

எட்டு மாதம் கழித்து முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தது. இம்முறை படம் எடுத்தது முதல்முறை லீவில் இருந்த அந்த ஆண்பிள்ளை. சாரன் தொடைவரை ஏறியது, தட்டு நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கறுப்புக் கோடு. உள்பக்க எலும்பு அரிபட்டு, தட்டு ஒரு பக்கமாக அமிழ்ந்திருந்தது.

டொக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தார். "முதல் படத்த யார் எடுத்த?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "என்ட மகள்தான் சேர். அவ எடுத்தா பிழைக்காது." டொக்டர் என்னைப் பார்த்தார், பிறகு மறு ஒப்பரேஷனுக்குத் திகதி எழுதினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தப் படம் பிழைத்த விதத்தை மறைத்துவிட்டேன். அந்தத் திகதி வருவதற்கு முன்னால் உங்கள் இதயம் நின்றுவிட்டது. காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கலாம். நோவோடு கழிந்த எட்டு மாதத்துக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு.

போன மாதம் உச்சமுனையிலிருந்து ஒரு மீன்பிடிகாரர் வள்ளத்தில் கரைக்கு வந்து, பஸ் ஏறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருக்கும் மாற்றிய முழங்கால். கூட மகள். சாரனைத் தூக்கச் சொன்னதும் அவரும் ஒரு சாணில் நிறுத்திக்கொண்டார். நான் மகளை வெளியே இருக்கச் சொன்னேன், ஆண்பிள்ளையைக் கூப்பிட்டேன். அப்போதும் மனிதர் தயங்கினார்.

"ஒரு படம்தானே தங்கச்சி, சும்மா எடுங்க."

"என்ட வாப்பாவுக்கு நான் அப்படித்தான் சும்மா எடுத்தன், காக்கா. வாப்பாட நோவு அதுல தெரியாமப் போயிட்டு" என்றேன்.

அவர் சாரனை மடித்துக் கட்டினார். அவருடைய எலும்பு சுத்தமாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாத உங்கள் படத்தின் கதையை முன்பின் தெரியாத அவரிடம் சொன்ன பிறகு, வீட்டில் சொல்லாமல் இருக்க ஏலாது என்று தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மாவிடம் சொன்னேன். போனில் இரண்டு படத்தையும் காட்டினேன். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதுதானா?"

"ஓம் உம்மா. மொதப் படத்துலயும் இது இருந்திருக்கும். நான் சரியா எடுக்கல்ல. வாப்பா பொய் சொல்லல்ல."

என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவேண்டும் என்றும் இருந்தது. உம்மா போனைத் திருப்பித் தந்தார்.

"பொய் சொல்லல்லன்னு எனக்குத் தெரியும் மகள். சுபஹுத் தொழுகைக்கு எழும்பக்குள்ள கட்டிலப் புடிச்சிக்கிட்டு அழுவாரு. பகல்ல நான் ஏசினதெல்லாம் நடந்தாச் சொகம் வரும்னு நெனச்சித்தான்."

"அப்ப ஏன் உம்மா எனக்குச் சொல்லல்ல?"

"சொல்லத்தான் போனன். அவருதான் விடல்ல. 'வாணாம் புள்ள. நான் சாரனப் புடிச்சிக்கிட்டு வளஞ்சி நின்டுட்டன், படம் சரியா விழுந்திருக்காது. தெரிஞ்சா மகள் தன்னத்தான் குத்தம் சொல்லுவா'ன்னாரு."

வாப்பா, எட்டு மாதம். உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நாளே திரும்ப எடுத்திருப்பேனே! உங்கள் மீது எனக்குக் கோபமாக இருக்கிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இனி, நோகிறது என்று ஒருவர் சொன்னால், என் படம் என்ன சொன்னாலும் அவரைத்தான் நம்புவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. நீங்கள் என்னைக் காப்பாற்ற மறைத்ததை இதோ ஊருக்கே சொல்லிவிட்டேன். அதற்காக மட்டும் என்னை மன்னித்துவிடுங்கள்.

எடுத்தால் பிழைக்காது என்று நீங்கள் சொன்ன,
உங்கள் மூத்த மகள்.