ஆறில் நின்ற திருகு

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால், பிளைவுட் கடையில் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று பதில் எழுதுகிறீர்கள். நான் கடையைக் கேட்கவில்லை. வலது மணிக்கட்டு முழுதாக மடங்குகிறதா, அதை எழுதுங்கள்.

மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். கணக்கில்தான் தட்டுத்தடுமாறியிருக்கிறாள். அது உங்கள் பக்கத்துச் சொத்து.

விற்கச் சொல்லி நீங்கள் எழுதியபடி, மரம் இழைக்கிற அந்த ரவுட்டர் மெஷினை வாங்க ஒருவர் வந்தார், பக்கத்துத் தெருவில் கதவு செய்கிறவர். அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அன்று மெஷின் ஏன் அப்படி உதறி உங்கள் மணிக்கட்டை முறித்தது? "என் கை நடுங்கிடுச்சு, இனிமே இந்தக் கைய நம்பி மெஷினைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டே போய்க் கடை வேலையில் சேர்ந்துவிட்டீர்கள். இத்தனை வருஷம் நடுங்காத கை அன்றைக்கு மட்டும் ஏன் நடுங்க வேண்டும்? எனக்கு அது மனதுக்கு ஒப்பவே இல்லை.

பட்டறையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் நீங்கள் விட்டபடியே கிடந்தது. சுழன்று சுழன்று கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாக இழைக்கிற பெரிய பிட் மெஷினிலேயே இருந்தது, என் உள்ளங்கை அகலத்துக்கு. வேகம் வைக்கிற திருகு, இருப்பதிலேயே அதிகமான ஆறில் நின்றது. "வேகமா ஓடினாத்தான் வழவழப்பு வரும்" என்பது உங்கள் வேதமாயிற்றே. விரல் தடிமன் பிட்டுக்கு அது சரி. இதற்கும் சரியா? (பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட்டேன், பயப்படாதீர்கள்.)

மகள் சின்ன வயதில் தோழிகளோடு வரிசையாகக் கைகோத்துச் சுற்றுவாள், நினைவிருக்கிறதா? நடுவில் நிற்பவள் நின்ற இடத்திலேயே திரும்புவாள். கடைசியில் மாட்டியவள் விழுந்தடித்து ஓடுவாள். பிட்டும் அப்படித்தானே? அகலம் கூடக் கூட ஓரத்து வெட்டுமுனை பறக்கத்தானே செய்யும்? அது பறந்தால் மெஷின் உதறாதா? தையல்காரிக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். தடித்த துணி வந்தால் நான் மிதியை மெதுவாகத்தான் மிதிக்கிறேன்.

மில்லில் மெஷின் பழுது பார்க்கிற என் தம்பியைக் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டான். "இவ்ளோ பெரிய பிட்டை ஆறுல வச்சு, அதுவும் கையில பிடிச்சா ஓட்டினாரு மாமா? மணிக்கட்டோட போச்சேன்னு சந்தோஷப்படு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து ரவுட்டரைத் தலைகீழாக ஒரு மேசைக்கு அடியில் பொருத்தினான். பிட்டின் காம்பை அது மாட்டுகிற துளையின் அடியில் இடிக்கும்வரை தள்ளாமல், கொஞ்சம் மேலே தூக்கி முறுக்கினான். பிட்டில் முக்கால்வாசி ஒரு தடுப்புப் பலகைக்குள் மறைந்துவிட்டது. திருகை ஒன்றுக்குக் கொண்டுவந்தான். கண்ணாடி மாட்டிக்கொண்டு, பிட் சுற்றுகிற திசைக்கு எதிராகப் பலகையைத் தள்ளினான், வெறுங்கையால் அல்ல, ஒரு கட்டையை வைத்து. ஒரே தடவையில் வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்தான். பதறாத காரியம் சிதறாது என்று எனக்கு ஓயாமல் சொல்கிறவர் நீங்கள்தான். ஓரம் துளிகூடக் கருகவில்லை. கூச்சல்கூட இல்லை, மெஷின் முனகியது, அவ்வளவுதான்.

இனிச் சொல்வதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பலகையை நான் தள்ளினேன். தம்பி என் தோளை ஒட்டியே நின்றான், ஆனாலும் என் கை நடுங்கியது. கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே நடுங்கியது. அப்படியும் பலகை துள்ளவில்லை. ஓரம் நூல் பிடித்தாற்போல வந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பாவமும் செய்யாத கையை இத்தனை மாதமாக வைதுகொண்டிருக்கிறீர்களே. உங்கள் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தாலும் அது காரணமில்லை.

வாங்க வந்தவரிடம், வீட்டுக்காரர் வந்து பதில் சொல்வார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விற்பதானால் நீங்களே வாருங்கள். ஒரே ஒரு பலகை தள்ளிப் பாருங்கள். அதன் பிறகும் விற்க மனம் ஒப்பினால், அந்தக் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

பத்திரமாக வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தொணதொணப்பு