தொமெ அத்தை தேய்த்த சிப்பிகள்

அன்பு மகள் கினுயோவுக்கு, அம்மா ஆசியுடன் எழுதுவது. எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. பிரேசிலில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்பு எப்படி இருக்கிறது, காப்பித் தோட்டத்து வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே.

நீ இங்கே இருந்தவரை, கடலில் மூங்கிலை நட்டுவைத்து, நோரிப் பாசி தானாக ஒட்டினால் சோறு, ஒட்டாவிட்டால் குளிர்காலம் முழுக்க அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கம் என்றுதானே இருந்தோம். கோடையில் அதன் விதை எங்கே போய் ஒளிகிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. சிப்பி ஓட்டுக்குள்தான் கிடக்கிறது என்று இப்போது கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பாவும் கொட்டகையில் தொட்டி கட்டிச் சிப்பிகளைத் தொங்கவிட்டு, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். உள்ளே விதை வளர்ந்து ஓடு கறுக்கக் கறுக்க அவருக்குச் சந்தோஷம். ஓபோன் பண்டிகைக்குத் தொமெ அத்தை வந்தாள், அவளுடைய சுத்தம்தான் உனக்குத் தெரியுமே. நாங்கள் முன்னோர் கல்லறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அத்தனை சிப்பியையும் எடுத்துத் தேய்த்துக் கழுவி, பாயில் வெயிலில் பரப்பிவிட்டாள். நாங்கள் வந்ததும், “எல்லாம் பூஞ்சை புடிச்சுக் கிடக்கு, உன் பொண்டாட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? எவ்வளவு தேய்ச்சும் கறை போகலடா” என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி தொட்டியில் போட்டார். கறை போகாதது நல்லதுதானாம், விதை ஓட்டைத் துளைத்து உள்ளே இருக்குமாம். தேய்த்தால் சாகாது, காய்ந்தால் செத்துவிடும். எவ்வளவு நேரம் காய்ந்தது என்று அத்தைக்கே சொல்லத் தெரியவில்லை.

விஷயம் புரிந்ததிலிருந்து அவள் ஊருக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. “என்னை நாலு வார்த்தை திட்டேன்டா தம்பி” என்று அழுதாள். “திட்டினா விதை வந்துடுமாக்கா, போய்ச் சாப்பிடு” என்றார் அப்பா. சுரங்கத்தில் பிடித்த இருமல் அவருக்கு இன்னும் நிற்கவில்லை. அந்த நெஞ்சோடு மறுபடி சுரங்கத்தில் இறங்கினால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று பழைய சுரங்கத்து பூட்ஸை எடுத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். கடல் குளிர்ந்து, விதை ஒட்டுவதற்கு வலை கட்டினால்தான் அது பிழைத்ததா என்று தெரியும். நீ அப்பாவுக்கு எழுதும்போது சிப்பியைப் பற்றி மூச்சு விடாதே, அத்தைக்கு மட்டும் தனியாக அன்பாக நாலு வரி எழுது, பாவம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். முதல் அறுப்பு நோரியைக் கப்பலில் அனுப்புவேன், பார்சல் வந்தால் லேசாக வாட்டிச் சோற்றில் சுற்றிச் சாப்பிடுங்கள். வராவிட்டால், ஏன் என்று அப்பாவைக் கேட்டு எழுதாதே. கடிதம் வரும்போது அவர் வீட்டில் இருக்கமாட்டார்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஃபுகி