முப்பத்தொரு புள்ளடி

மார்ச் 14, வியாழன்

காற்று. மழை பக்கவாட்டில் அடிக்கிறது. காலை ஷிப்ட். இரண்டாவது எஸ்கலேற்றர் மறுபடி படுத்துவிட்டது. ஸ்டேஷன் சூப்பர்வைசர் நான் என்பதால் ஊர்ச் சனத்தின் ஏச்செல்லாம் எனக்கு. புதிய சப்பாத்து கடிக்கிறது.

பாராளுமன்றம்: செவ்வாய், ஐரோப்பாவை விட்டு ஒப்பந்தத்தோடு வெளியேற மாட்டோம் என்று வாக்களித்தார்கள். நேற்று, ஒப்பந்தம் இல்லாமலும் வெளியேற மாட்டோம் என்று. வெளியேறாமலும் இருக்க மாட்டார்களாம். எங்கள் எம்.பி. திரும்பவும் கட்சிக் கொறடாவின் சொல்லை மீறி வாக்களித்திருக்கிறா.

மத்தியானம் சேர்மன் கொலின் தொலைபேசியில். தொகுதிக் கட்சித் தலைவர். ஐரோப்பா என்று யாராவது சொன்னாலே கழுத்து சிவக்கும் ஆள். எம்.பி. மீது நம்பிக்கையில்லை என்று சிறப்புக் கூட்டம் கூட்டப் போகிறாராம். அதற்கு ஐம்பது அங்கத்தவர் கையெழுத்து வேண்டும்.

"உன்னிடம் எத்தனை?"

"முப்பத்தொன்று."

அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம். பிறகு, "நல்ல மனிதர், ரவி."

என் பெயர் ரவி இல்லை. பதினாறு வருடமாக இவருக்கு நான் ரவிதான். இருக்கட்டும். கொலினின் முறை பிறகு.

சர்வசன வாக்கெடுப்பில் நான் போட்டது 'இருப்போம்' என்று. ஒருவருக்கும் சொல்லவில்லை. இது ஐரோப்பா பற்றியதல்ல.

மார்ச் 15, வெள்ளி

மறந்துபோகாமல் எழுதி வைக்கிறேன்.

பதினாறு வருடம் துண்டுப்பிரசுரம். மூன்று நாய்க்கடி. எம்.பியின் வாக்காளர் பட்டியல்கள் முழுவதும் என் கையெழுத்து. வரைபட வகுப்பில் பழகிய பெட்டி எழுத்து, ஒரு எழுத்துக்கூடக் கோட்டைத் தாண்டாது. முப்பத்தொரு தமிழ் ஆட்களை வீடு வீடாகப் போய்க் கட்சியில் சேர்த்தவன் நான். "அடுத்த முறை கவுன்சிலர் வேட்பாளர் நீங்கள்தான்" என்று இரண்டு முறை சொன்னா. இரண்டாம் முறை என் வீட்டில், என் மனுசி பவானி சுட்ட வடையைச் சாப்பிட்டுக்கொண்டு.

போன வருடம் தெரிவுக் குழு. வேட்பாளர் இடத்தை டொக்டர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்து ஆறு வருடம், கட்சியில் பதினான்கு மாதம். "அவர் வாக்காளர் வாசலில் நின்று பேச நன்றாக இருப்பார். நீங்கள் பின்னால் இருப்பதுதான் எங்களுக்குப் பலம்" என்றா எம்.பி. சொல்லும்போது கையில் பிஸ்கட். தேநீரில் தோய்த்தது பாதி உடைந்து உள்ளே விழுந்தது. கரண்டியால் அதைத் தேடி எடுத்துத் தின்றுவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தா.

அந்தக் கரண்டி.

மார்ச் 17, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். பதினொரு வீடு ஏறி இறங்கினேன். டூட்டிங்கில் மட்டும் ஏழு.

எந்தப் படிவம் என்றாலும் இவர்களுக்கு நான்தான் நிரப்புவது. கவுன்சில் வீடு, பெனிபிட், பாஸ்போட், பள்ளிக்கூடம். பெயர், விலாசம் எல்லாம் நான் எழுதி, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி மாதிரிச் சின்னப் புள்ளடி. அதன் மேல் அவர்கள் கையெழுத்து. இன்றைக்கும் அப்படியே. முதல் நாளே சிறப்புக் கூட்டத்துக்கான படிவம் முப்பத்தொன்றும் நிரப்பி வைத்திருந்தேன். ஒருவரும் வாசிக்கவில்லை.

தேவி அக்கா மட்டும் கண்ணாடியைத் தேடிப் போட்டா.

"இதில அவவின்ர பேர் கிடக்கு. என்ர மருமோளின்ர விசாவுக்கு எழுதித் தந்தவவெல்லே?"

"அது அப்ப, அக்கா."

"இப்ப என்ன செய்தவ?"

"கட்சிக்குத் துரோகம்."

"எந்தக் கட்சி?"

"எங்கட கட்சி."

"அப்பிடியே." கையெழுத்து வைத்தா. புட்டும் மீன்குழம்பும் சாப்பிடாமல் விடமாட்டன் என்று பிடிவாதம். பின்னால் குசினியில் அவவின் மனுசன்: "இண்டைக்கு ஆரை வெளியேத்திறம்? ஐரோப்பாவையோ, எம்.பியையோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மார்ச் 20, புதன்

மூட்டம். படிவங்கள் கொலினிடம் கொடுத்தாகிவிட்டது. எண்ணிப் பார்த்தார், இரண்டு முறை. கொலினின் சொந்த ஆட்கள் இருபத்தாறு. மொத்தம் ஐம்பத்தேழு. கூட்டம் அடுத்த வெள்ளி. ஐரோப்பாவை விட்டு நாடு வெளியேற வேண்டிய அதே நாள். அந்தத் திகதி இப்போது தள்ளிப்போகுமாம். ஆனாலும் கூட்டம் அந்த நாளில் என்பதில் கொலினுக்கு ஒரு சந்தோசம்.

இன்றிரவு நல்ல நித்திரை வரும். பல மாதத்துக்குப் பிறகு.

பவானிக்குப் பற்பசை. கறிவேப்பிலை.

மார்ச் 23, சனி

ஸ்டேஷன் நிரம்பி வழிந்தது. ஐரோப்பாவோடு இருக்க வேண்டும் என்று நகரத்தில் பெரிய ஊர்வலம். நீலக் கொடி, முகத்தில் மஞ்சள் நட்சத்திரம் ஒட்டிய கிழவிகள், ஒரு நாய்க்கும் நீலச் சட்டை. "பிளீஸ், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்" என்று எட்டு மணித்தியாலம் கத்தினேன். தொண்டை போய்விட்டது. எம்.பியும் போனா, கறுப்புக் கண்ணாடியோடு. தெரியாத மாதிரி நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் தங்கச்சி வதனி. கோட்டைக் கழற்றாமல் கதிரை விளிம்பில்.

வதனிக்கு டச்சுப் பாஸ்போட். ஒல்லாந்திலிருந்து வந்து ஒன்பது வருடம். இதில் ஆறு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள்; சம்பளத் துண்டு ஒன்றுமில்லை. இங்கே தொடர்ந்து இருக்கலாம் என்ற கடதாசிக்கு விண்ணப்பிக்கும்போது, தொடர்ந்து இங்கேதான் இருந்தாள் என்று எம்.பி. ஒரு கடிதம் தந்தால் பலம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கேட்டு ஒரு மாதம்.

"தேவியக்கா சொன்னவ. எம்.பியை விழுத்தப் போறியளாம்."

"கட்சி விசயம்."

"என்ர கடிதம் அவவின்ர மேசையில கிடக்கு அண்ணை. அது வருமட்டும் பொறுக்க ஏலாதே?"

"திகதி வைச்சாச்சு."

"உங்களுக்கு உங்கட கோவம். எனக்கு இருக்கிறதுக்கு ஒரு நாடு."

ரகசிய வாக்கு, யார் செய்தது என்று அவவுக்குத் தெரிய வராது என்றேன். எழும்பி வந்து என் கையைத் தன் தலையில் வைத்தாள். கடிதம் கைக்கு வருமட்டும் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் புதிதில்லை. ஒரு வருடம் எம்.பியின் கூட்டங்களில் கதிரை அடுக்கினேனே.

மார்ச் 27, புதன்

பாராளுமன்றத்தில் எட்டுத் தீர்மானம் வைத்தார்கள், எது வேண்டும் என்று தெரிவு செய்ய. எட்டும் தோல்வி. ஸ்டேஷன் அறையில் ஜோசெப், கானா நாட்டுக்காரன்: "எட்டுச் சாப்பாடு போட்டும் பிள்ளை வாய் திறக்கவில்லை."

எங்கள் முப்பத்தொரு பேருக்கும் திரும்பத் தொலைபேசி. யார் யாருடைய காரில் வருவது, பட்டியல். 'பாப்பம் அண்ணை' என்று சொன்னவர்கள் இருவர். எங்கள் ஆட்களின் 'பாப்பம்' என்னவென்று எனக்குத் தெரியும். இருவர் வீட்டுக்கும் நேரில் போனேன். இப்போது 'ஓம்'.

வதனி: "அவவின்ர ஒஃபிசில கேட்டனான். கடிதம் எழுதியாச்சாம். அவவின்ர பைக்குள்ளயாம்."

மார்ச் 29, வெள்ளி

வெயில். பின்னேரம் பாராளுமன்றத்தில் மூன்றாம் முறையாக ஒப்பந்தம் தோற்றது.

தேவாலய மண்டபம். நூற்றெண்பது பேர். எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல நேரத்துக்கு முன்னரே வந்து இரண்டு வரிசை பிடித்துவிட்டார்கள். சேலை, பூ. தேவி அக்கா ரோல்ஸ் கொண்டுவந்திருந்தா. எம்.பியும் ஒன்று எடுத்துத் தின்றா. வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தா. என் கையைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பிடித்திருந்தா.

"நீங்கள் வருவீர்கள் என்று தெரியும்."

மனச்சாட்சிப்படி வாக்களித்தேன், தொகுதி என்னை அனுப்பியது தலையாட்ட அல்ல என்று பேசினா. நல்ல பேச்சு. கொலின் பக்கம் ஒருவன் "துரோகி" என்று கத்தினான். இன்னொருவன் அவனை "முட்டாள்" என்று கத்தினான். ஒரே கட்சி. டொக்டர் எழும்பி அவவுக்காக நாலு நிமிசம். வாசலில் பேச மட்டுமில்லை, மண்டபத்தில் பேசவும் நன்றாகத்தான் இருக்கிறார்.

வாக்கு. எங்கள் ஆட்கள் சீட்டை வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இடது கையால் கழுத்துப் பட்டியைத் தொட்டேன். சீட்டில் கீழ்ப் பெட்டி, அதாவது நம்பிக்கையில்லை, என்று அடையாளம்.

பத்தொன்பது வாக்கால் தோற்றா.

எங்கள் முப்பத்தொன்று மற்றப் பக்கம் போயிருந்தால்? சின்னக் கணக்கு. மூன்று முறை செய்து பார்த்தேன், ஒவ்வொரு முறையும் இனித்தது.

பிறகு கொலின் மேடையிலிருந்து இறங்கி வந்தார். நேரே எங்கள் வரிசைக்கு. கையை நீட்டிக்கொண்டு. என்னைத் தாண்டிப் போய் டொக்டரின் கையைக் குலுக்கினார். அவருக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம்.

"உங்கள் ஆட்கள் கைவிடவில்லை, டொக்டர். மறக்க மாட்டேன்."

டொக்டர் முழித்தார். "ஐயோ சார், நான் எதிர்த்துத்தானே..." பிறகு சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பார்க்கிறார்கள். கையை இழுக்கவில்லை.

எம்.பி. கோட்டைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றா.

மார்ச் 30, சனி

ஷிப்ட் இல்லை. சாப்பிட மனமில்லை. தன்னை விழுத்தியது டொக்டர் என்று எம்.பி. நினைத்துக்கொண்டிருக்கிறாவே. பதினாறு வருடம் பின்னால் நிற்க வைத்தா. இதிலும் நான் பின்னால்.

பவானி: "நினைச்சது நடந்தது தானே. இன்னும் என்ன முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு?"

அவளுக்கு விளங்காது. யார் அடித்தது என்று தெரியாத அடி என்ன அடி?

ஆனால் வதனியின் தலையில் வைத்த கை.

மார்ச் 31, ஞாயிறு

மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. குசினி மணிக்கூடு, கார். காரில் எப்படி மாற்றுவது என்று ஒவ்வொரு வருடமும் மறந்துபோகிறது. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 1, திங்கள்

குளிர், தெளிந்த வானம். ஏழு இருபதுக்கு டிக்கெட் கேற் அருகில் நின்றேன். எம்.பி. வந்தா. வழமையான சிவப்புப் பை. முகம் வீங்கியிருந்தது. நேரே என்னிடம்.

"உங்கள் தங்கையின் கடிதம். பத்து நாளாகப் பையில். தினமும் வாக்கெடுப்பு, மன்னியுங்கள்."

நீள உறை. வாங்கினேன். மடித்து உள்பொக்கற்றில் வைத்தேன். பொத்தானைப் பூட்டினேன். சத்தியம் முடிந்தது.

சொன்னேன். ஒரு வருடமாகக் கண்ணாடி முன் சொல்லிப் பழகிய வசனம். முப்பத்தொரு பேரும் என் ஆட்கள், டொக்டருக்கு ஒன்றும் தெரியாது, உங்களை விழுத்தியது நான்.

"தெரியும்" என்றா.

பின்னால் ஒருவன் "எக்ஸ்கியூஸ் மீ" என்று இடித்துக்கொண்டு போனான்.

"கொலின் படிவங்களின் பிரதியை வாங்கிய அன்றைக்கே எனக்கு அனுப்பிவிட்டார். முப்பத்தொன்றிலும் உங்கள் பெட்டி எழுத்து. புள்ளடியைக்கூட அழிக்கவில்லை. என் பட்டியல் எல்லாம் அந்த எழுத்தில்தானே இருக்கிறது."

அட்டையைத் தட்டினா. கேற் திறந்தது. எஸ்கலேற்றர் இன்றைக்கு வேலை செய்தது. வலப்பக்கம் நின்றபடி இறங்கிப் போனா. ஒருமுறையும் திரும்பவில்லை.

தேநீர் இடைவேளையில் உறையைப் பிரித்தேன். இரண்டு பக்கம். அம்மாவின் வருத்தம், வதனி கூட்டிக்கொண்டு போன கிளினிக், கோயில், எல்லாம் திகதி வாரியாக. கடைசிப் பந்தி: 'இவருடைய சகோதரரைப் பதினாறு வருடமாக அறிவேன். அவர் உறுதிப்படுத்தும் எதையும் தயங்காமல் நம்பலாம்.'

கடிதத்தின் திகதி மார்ச் 21. படிவங்கள் கொலினிடம் போனதற்கு அடுத்த நாள்.

நாலு முறை வாசித்தேன். குத்தல். குத்தல்தான். வேறென்ன?

பின்னேரம் பாராளுமன்றத்தில் இன்னும் நாலு தீர்மானம். நாலும் தோல்வி.

இதற்கு அவவை மன்னிக்க மாட்டேன். பிஸ்கட்டுக்கு மேல் இது.

வதனி நாளைக் காலை ஒன்பதுக்கு வந்து கடிதத்தை வாங்குவாள். கிழிக்க ஏலாது.