வெளிறிய மஞ்சள்

மார்ச் 3, 1986 – திங்கள்

பெட்டி வந்துவிட்டது. நான்கு மாதமாகக் கேட்டுக் கேட்டு என் வாய் வலித்த பெட்டி. உள்ளே ஐஸ் பொட்டலங்கள், நடுவில் ஆறு குப்பிகள், வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள் வைத்த பிளாஸ்டிக் தட்டுகள். தானமாக வரும் ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று இனி நாமே பார்த்துவிடலாம். கிருமிக்கு இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை, பத்திரிகைக்கு ஒரு பெயர் போடுகிறார்கள். பயம் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

வாசலிலிருந்து பெட்டியைத் தூக்கிவர ஆள் கிடைக்கவில்லை. "மேடம், அதுக்குள்ள எய்ட்ஸ் இருக்காமே?" என்று கேட்டார் வார்டுக்காரர். "தொட்டா வராதுய்யா. இப்படி உளறினாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு நானே தூக்கிவந்தேன். பதினாறு வருடமாக ரத்த வங்கியில் இருப்பவளுக்கு இந்த ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பெயர் ரத்தக்காட்டேரி. அந்தப் பெயருக்குக் கொஞ்சமாவது நடந்துகொள்ள வேண்டாமா?

குப்பிகளை உடனே குளிர்பெட்டிக்குள் வைத்தேன். ரத்த வங்கிக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் அதன் கதவில் சிவப்புப் பெயிண்டால் எழுதிவைத்த சட்டம் அது: வெளியே எடுத்ததை உடனே உள்ளே வை. ரத்தம் சூடு கண்டால் கெட்டுவிடும். எனக்கு அது கையில் ஊறிப்போய்விட்டது. போன மாதம் என் வீட்டுக்காரருடைய மூக்குக் கண்ணாடியை வீட்டுக் குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் கண்டுபிடித்தோம்.

மார்ச் 4 – செவ்வாய்

முதல் தட்டு. முப்பத்தொரு பாட்டில். ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு துளி நீர்ப்பகுதி, குழிக்கு ஒன்று. ஊறவிட்டு, கழுவி, அடுத்த மருந்து. மறுபடி கழுவி, கடைசி மருந்து. கிருமி இருந்தால் மஞ்சள். இல்லையென்றால் தண்ணீர் மாதிரி. குப்பிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஐஸ் தட்டில் வைத்துக்கொண்டே எல்லாம் செய்தேன். பெருமையாக இருந்தது.

முப்பத்தொன்றும் தெளிவு. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தோடு அவர்களே அனுப்பியிருந்த, கிருமியுள்ள ரத்த மாதிரி மட்டும் மஞ்சளானது. அதுவும் ஒரு வெளிறிய மஞ்சள். அச்சுத்தாளில் நல்ல மஞ்சள் என்று போட்டிருக்கிறது. முதல் நாள், கண் பழகவில்லை போலிருக்கிறது. பெரிய டாக்டர் குனிந்து பார்த்து, "மஞ்சள்தானே? சரி, அனுப்பு" என்றார்.

மார்ச் 6 – வியாழன்

பிரசவ வார்டிலிருந்து ஓடிவந்தார்கள். பெண் குழந்தை பிறந்து அரை மணி, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. இரண்டு பாட்டில் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டாளாம்.

மார்ச் 12 – புதன்

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று இரண்டாவது தட்டு. குப்பிகளை மேஜையில் எடுத்து வைத்த நேரம் பார்த்து, அறுவைக் கூடத்தில் பாட்டில் எண் குழப்பம் என்று கூப்பிட்டார்கள். போய்ச் சரிசெய்து திரும்ப நாற்பது நிமிடம். குப்பிகள் வெளியிலேயே இருந்தன. ஐயோ கெட்டிருக்குமே என்று திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன்.

கிருமியுள்ள ரத்த மாதிரியை விட்ட குழி எலுமிச்சைத் தோல் போல மஞ்சளாகிவிட்டது. பளிச்சென்று.

அச்சுத்தாளை எடுத்தேன். மூன்றாவது வரி. எல்லா மருந்துகளும் அரை மணி வெளியில் இருந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அந்த வரியை நான் படித்திருக்கிறேன். அடிக்கோடு கூடப் போட்டிருக்கிறேன், பென்சிலால்! படித்துவிட்டு ஐஸ் தட்டில் வைத்து வேலை செய்திருக்கிறேன். குளிரில் மருந்து சரியாக வேலை செய்யவில்லை. அந்த வெளிறிய மஞ்சள் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

அப்படியென்றால் அந்த முப்பத்தொன்று? 

மார்ச் 13 – வியாழன்

ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு சின்னக் குழாயில் கொஞ்சம் ரத்தம் தனியாக எடுத்து இரண்டு வாரம் வைத்திருப்பது வழக்கம். அது என்னைக் காப்பாற்றியது என்று எழுதப் பார்த்தேன். இல்லை, காட்டிக்கொடுத்தது. முப்பத்தொன்றையும் திரும்பப் பார்த்தேன், மருந்தை ஒரு மணி நேரம் வெளியில் வைத்து.

முப்பது தெளிவு. ஒன்று மஞ்சள். மறுபடி பார்த்தேன், மஞ்சள். மூன்றாவது தடவையும்.

பதிவேட்டைத் திறந்தேன். அந்தப் பாட்டில் போன இடம்: ஆறாம் தேதி, பிரசவ வார்டு, பதினொன்றாம் கட்டில். ஒன்பதாம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருபத்து மூன்று வயது. தொழில், தையல்.

மார்ச் 14 – வெள்ளி

பெரிய டாக்டரிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லாமல் இழுத்தடித்துவிடுவேன் என்று பயம். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மருந்து இருக்கா இதுக்கு?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்? இருக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணு நிம்மதியா தூங்கிட்டுப் போகட்டும். தலைநகர் ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பு. பதில் வரட்டும், பாக்கலாம்."

அங்கிருந்து பதில் வர ஆறு வாரம் ஆகும். அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார்.  ஒரு நிமிடம், எனக்கும் அப்பாடா என்று கூட இருந்தது. அந்த நிமிடத்தை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மார்ச் 15 – சனி

எதற்குச் சொல்ல வேண்டும் என்று பெரிய டாக்டர் கேட்டதற்குப் பதில் கிடைத்தது. குழந்தைகள் பிரிவு டாக்டரம்மாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு மருத்துவ இதழை எடுத்து நீட்டினார். வேறு ஒரு நாடு. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் ஏற்றிக்கொண்ட தாய். ரத்தத்தில் கிருமி. குழந்தைக்கும் வந்திருக்கிறது. பிறந்த பிறகுதான் ரத்தம் ஏற்றினார்கள் என்றால் குழந்தைக்கு எப்படி வரும்? பாலில்.

"நிச்சயமா டாக்டர்?"

"நிச்சயம்னு இப்ப யாரும் சொல்ல முடியாது. ஆனா எனக்குத் தெரிஞ்ச தாயா இருந்தா இன்னிக்கே நிறுத்தச் சொல்வேன்" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் கேக்கறீங்க?"

பிறந்த குழந்தை நாளைக்கு எட்டு தடவை பால் குடிக்கும். ஆறாம் தேதியிலிருந்து இன்றுவரை எத்தனை என்று கணக்குப் போட ஆரம்பித்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

மார்ச் 17 – திங்கள்

இதழைப் பெரிய டாக்டரின் மேஜையில் விரித்து வைத்தேன். படித்தார். முகம் வெளுத்துவிட்டது. "கமிட்டியில வைக்கலாம். அடுத்த வாரம் கூடுது" என்றார்.

"அடுத்த வாரத்துக்குள்ள அம்பது தடவைக்கு மேல பால் குடுத்திருப்பா சார்."

"ஆஸ்பத்திரி பேர்ல நீ போகக்கூடாது."

"என் பேர்ல போறேன்."

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேருந்து ஓட்டுகிறவர், எதற்கும் நாலே வார்த்தைதான் பேசுவார். "வேலை போயிடுமா?" "போகலாம்." ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, "எந்தத் தெரு? எந்த பஸ்ல போகணும்னு எழுதித் தரேன்" என்றார். அந்தக் காகிதம் இப்போது என் கைப்பையில் இருக்கிறது.

மார்ச் 18 – செவ்வாய்

போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவளுடைய அக்கா. ஜன்னலோரம் தையல் மெஷின், அதில் பாதியில் நின்ற ஒரு காலர். உள்ளே உட்கார்ந்திருந்த அந்தத் தாய் என்னைப் பார்த்து, "என்ன சிஸ்டர், வீட்டுக்கே வந்துட்டீங்க?" என்று சிரித்தாள். நர்ஸ் என்று நினைத்துவிட்டாள். "நான் ரத்த வங்கிம்மா" என்றேன்.

"ஓ, ரத்தம் குடுத்தது நீங்களா? உங்களாலதான் இன்னிக்கு உக்காந்து பேசிட்டிருக்கேன்."

பேருந்தில் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோனது. அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். அப்போது குழந்தை அழுதது. அவள் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ரவிக்கை ஊக்கில் கை வைத்தாள்.

"பால் குடுக்காதீங்க!"

கத்திவிட்டேன். அப்படிச் சொல்ல நினைக்கவே இல்லை. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள், குழந்தை வீரிட்டது. அப்புறம் சொன்னேன். பூசி மெழுகாமல், வரிசையாக. உங்களுக்கு ஏற்றிய இரண்டு பாட்டிலில் ஒன்றில் அந்தக் கிருமி இருந்தது. உங்களுக்கு வந்திருக்கும் என்றுதான் பயப்படுகிறோம். பால் வழியாகக் குழந்தைக்குப் போகலாம்.

"யாரு பாத்து அனுப்பினது அந்த ரத்தத்த?" – அக்கா.

"நான்தான்."

"பாக்காம அனுப்பினியா?"

"பாத்தேன். தப்பாப் பாத்தேன்."

டீ தம்ளர் சுவரில் போய் விழுந்தது. வெளியே போ என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள், எல்லாம் நியாயம். இவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இதுவரைக்கும் குடுத்தது?"

"தெரியாதும்மா. இனிமே குடுக்கிறத நிறுத்தலாம். அது மட்டும் நம்ம கையில இருக்கு."

வாங்கிப்போயிருந்த பால் பவுடர் டப்பாவையும் பாட்டிலையும் மெஷின் மேல் வைத்தேன். அக்கா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அப்புறம் நின்றது. எதைக் குடித்து நின்றது? கதவைத் தட்டிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 20 – வியாழன்

வந்தாள். கூடையில் குழந்தை, பக்கத்தில் பால் பாட்டில்.

மேலாடையின் முன்பக்கம் நனைந்திருந்தது. "இவ அழுதா தானா ஊறுது. பீச்சிப் பீச்சிக் கீழ ஊத்தறேன்" என்றாள், என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து. இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தேன். இரண்டு பேருக்கும் தெளிவு. சந்தோஷப்படாதே, கிருமி வந்திருந்தாலும் சோதனையில் காட்ட மூன்று மாதமாவது ஆகும் என்பதையும் நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

மார்ச் 24 – திங்கள்

மெமோ. என் தவறைப் பற்றி எழுத்து மூலம் விளக்கம் வேண்டுமாம். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியில், இதே அச்சுத்தாள் போகும் எல்லா ரத்த வங்கிக்கும் இதை அனுப்புங்கள், எங்களைப் போல ஐஸிலேயே வளர்ந்த கைகள் எல்லா இடத்திலும் இருக்கும் என்று சேர்த்தேன்.

ஏப்ரல் 30 – புதன்

தலைநகரிலிருந்து பதில். அந்தப் பாட்டிலில் இருந்தது அந்தக் கிருமிதான், சந்தேகமே இல்லையாம். ரத்தம் கொடுத்தவருக்கும் சொல்லியாக வேண்டும். யார் போவது என்று நான் கேட்பதற்குள் பெரிய டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "சொல்றது இவ்வளவு கஷ்டமா?" என்றார். தண்டனையாக எனக்கு ஆறு மாதத்துக்குச் சம்பள உயர்வு இல்லை. வேலை இருக்கிறது.

ஜூன் 16 – திங்கள்

தாய்க்கு மஞ்சள்.

அவள் அழவில்லை. "குழந்தைக்கு?" என்றாள். இப்போதைக்குத் தெளிவு, வருடக் கடைசிவரை பார்க்க வேண்டும் என்றேன். தலையாட்டினாள். கழிப்பறைக்குப் போய் அழுதது நான்தான். வெட்கமா இருக்கு. அழறதுக்கு எனக்கு என்ன உரிமை?

ஜூலை 9 – புதன்

அவளுக்குக் கடைவாய்ப்பல் ஈறு வீங்கி மூன்று நாள். பல் டாக்டர் தொடமாட்டேன் என்கிறார். அவருடைய அறை வாசலில் போய் நின்றேன். "ரெண்டு ஜோடி கையுறை போட்டுக்கோங்க, கருவியைக் கொதிக்க வைங்க. எல்லாருக்கும் செய்ய வேண்டியதைத்தானே சொல்றேன்? இதுவரைக்கும் செய்யலியா?" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். நாற்பது நிமிடம் கழித்துப் பல் வெளியே வந்தது. பேசினால் இப்படிப் பயன்பட வேண்டும்.

செப்டம்பர் 15 – திங்கள்

குழந்தைக்குத் தெளிவு. இரண்டு தட்டில் பார்த்தேன். இரண்டிலும்.

டிசம்பர் 15 – திங்கள்

ஒன்பது மாதம். குழந்தைக்கு நான்காவது தடவையும் தெளிவு. டாக்டரம்மா அதை வாயால் சொல்லி, எழுதியும் கொடுத்தார்: இனி இவளுக்குச் சோதனை வேண்டியதில்லை.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமும் கை நீட்டுவாள், ரத்தம் எடுத்ததும் எழுந்து போவாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

"உங்களத் திட்டாத நாளே இல்ல, தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க வராம இருந்திருந்தா திட்டியிருக்க மாட்டேன். யாரத் திட்டறதுன்னே தெரிஞ்சிருக்காது." மடியில் இருந்த குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். "மடி மேல வெச்சு அந்தக் கிருமிய நானே இவளுக்குக் குடுத்திருப்பேன்."

 மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுந்தாள். மேலே டாக்டரைப் பார்க்க வேண்டுமாம், வரிசை நீளமாம். "இவளப் பிடிங்க" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள். "பன்னெண்டு மணிக்குப் பசிச்சு அழுவா. பாட்டில் பையில இருக்கு. குடுத்துடுங்க."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அழுதாள். கொடுத்தேன். இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி முழுவதும் குடித்தாள். குடித்துவிட்டு என் கோட்டுப் பட்டனைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். போன் இரண்டு தடவை அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.