செல்வியின் படத்தில் சாவி

ஆவணி, வெள்ளிக்கிழமை.

இன்று கள்ளக்குறிச்சியில் மெஷின் பார்க்கப் போன இடத்தில் இருந்தவர்கள் நான், என் மகன் சேகர், மருமகள் லதா, மெஷின் விற்கிறவர். எங்கள் விளம்பரப் போர்டு கடைக்கு, கண்ணாடி, பலகை எதிலும் நேராகப் படம் அடிக்கிற பெரிய யூவி பிரிண்டர் வேண்டும்.

மாதிரி அடிக்க அவர் ஒரு படம் கேட்டார். சேகர், கண்ணீர் அஞ்சலி பேனருக்காகப் போனில் வைத்திருந்த செல்வியின் படத்தைக் கொடுத்தான். என் மகள் போய் நாலு மாதம்தான் ஆகிறது. கண்ணாடியில் அப்படியே சிரித்தபடி வந்தாள். பல் இடுக்குகூடத் தெரிந்தது.

"சாவியால சுரண்டிப் பாருங்க சார், மை வராது," என்றார் விற்கிறவர்.

சேகர் வண்டிச் சாவியால் அவள் கன்னத்தை அழுத்திச் சுரண்டினான்.

"டேய், அது உன் அக்காடா," என்றேன்.

"இன்னாம்மா நீ, படத்தத்தான சுரண்டறேன். பாரு, ஒண்ணும் ஆவல."

மை வரவில்லை. அந்த மெஷினையே பேசி முடித்தான். லதாதான் கண்ணாடியைத் துடைத்து என் மடியில் வைத்தாள். அவள் வேறு வீட்டுப் பெண். அவன் செல்வியோடு கூடப் பிறந்தவன். என்னால் மன்னிக்க முடியாதவன் சேகர்.