மழைக்கு ஒதுங்கிய மரம்

கேரியாகூ தீவு
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள கத்பெர்ட்டுக்கு,

நீ சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். அங்கே கட்டட வேலை எப்படிப் போகிறது? நீ கப்பலில் அனுப்பிய சாமான் பீப்பாய் வந்து சேர்ந்தது, அரிசி நனையவில்லை. நம் மகள் ஷெர்மா பரீட்சையில் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைப் போனில் பாதிதான் சொன்னேன். உன் தம்பி ஆல்பன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மீதியை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டு.

அன்றைக்கு ஆல்பன் நம் படகில் ஒரு கனடாக் குடும்பத்தைக் கூட்டி வந்தான். மணல்திட்டு, ஆமைக்கரை எல்லாம் காட்டிவிட்டு மத்தியானம் மீன் சாப்பிட நம் கரைக்கு. தாய், தகப்பன், எலோடி என்று ஏழு வயதுப் பெண். சரியான வாயாடி. அடுப்பருகே வந்து, "நான் பாத்த பீச்சுல எல்லாம் உங்களோடதுக்குத்தான் முதல் மார்க்கு" என்றாள். அவள் தட்டில் இரண்டு வாழைக்காய் கூடுதலாகப் போட்டேன்.

திடீரென்று மழை. எண்ணெயில் மீன் கிடக்கிறது, கடைக்கூரையோ இன்னும் பாதிதான் போட்டிருக்கிறது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓடுங்க, ஓடுங்க, மரத்துக்குக் கீழ போய் நில்லுங்க!" என்று கத்தினேன். இருபது வருஷமாக மழை வந்தால் கத்துவதுதானே? நம் பாதாம் மரம் போன வருஷப் புயலில் விழுந்தது என் வாய்க்கு இன்னும் தெரியவில்லை, கத்பெர்ட். கரையில் இப்போது நிற்கிற ஒரே மரம் மஞ்சினீல்.

அந்த இலையில் பட்டு வடியும் மழை தோலைப் பொசுக்கும் என்று நம் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு யார் சொன்னது? பெற்றவர்கள் பைகளைப் பொறுக்கிக்கொண்டு பின்தங்கிவிட்டார்கள். குழந்தை முதலில் ஓடிப்போய் அண்ணாந்து நின்றிருக்கிறாள். அலறல் கேட்டுத்தான் திரும்பினேன். கடையிலிருந்த குடிதண்ணீர் முழுவதையும் அவள் கண்ணில் ஊற்றினேன். இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. அன்றைக்கே கிரெனடா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது ஆல்பன் என்னை முந்திக்கொண்டு, அவர்களாகவே போய் நின்றார்கள் என்று சொல்லிவிட்டான். பிறகு என்னிடம், "வாயைத் தொறக்காதீங்க அண்ணி. மரத்துல எச்சரிக்கைக்குச் செவப்பு வளையம் போட்டிருக்குல்ல? பாக்காம நின்னது அவங்க தப்பு. நீங்க உளறினா அப்புறம் ஒரு பய நம்ம படகுல ஏறமாட்டான்" என்றான். வளையத்தைப் போய்ப் பார்த்தேன். புயலில் மணல் உரசிச் சாயம் போய், தேடினால்தான் தெரிகிறது. நானும் வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாயிருக்கிறது.

நேற்று அந்தத் தாய் போன் செய்தாள். இரண்டு கண்ணிலும் கட்டு, நாளை பத்து மணிக்குப் பிரிக்கிறார்கள், பார்வை எப்படியென்று அப்போதுதான் தெரியுமாம். அதைச் சொல்லிவிட்டு, "நீங்க மட்டும் ஓடி வந்து தண்ணி ஊத்தலன்னா என்ன ஆகியிருக்குமோ, நீங்க நல்லா இருக்கணும்" என்று அழுதாள். மரத்தடிக்கு ஓடச் சொன்ன குரல் என்னுடையது என்று மழை இரைச்சலில் அவளுக்குத் தெரியவில்லை.

நாளை காலை முதல் கப்பலில் கிரெனடாவுக்குப் போகிறேன். ஆல்பன் குதிக்கிறான், குதிக்கட்டும். கட்டைப் பிரிக்கும் முன்பே, மரத்தடிக்கு அனுப்பியது நான்தான் என்று அந்தத் தாயிடம் சொல்லிவிட வேண்டும். பார்வை நன்றாயிருக்கிறது என்று தெரிந்த பிறகு சொல்வது பெரிய காரியமா? படகும் கடையும் போனால் என்னோடு சேர்ந்து நீயும்தான் கஷ்டப்படப் போகிறாய். உன்னைக் கேட்காமல் முடிவு செய்ததற்கு மன்னித்துவிடு. கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாளைப் பொழுது என்றைக்கோ முடிந்திருக்கும். பிள்ளைக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்பது உனக்கும் போனில் தெரிந்திருக்கும். அப்படியிருந்தாலும் இதைப் படித்ததும் முழங்கால் போட்டு, எலோடி என்று பேர் சொல்லி ஜெபம் பண்ணு.

உன் மனைவி,
வெர்லின்